குடில் சுரூபங்களுக்கு ஏற்ற மண் எது?



சென்ற ஆண்டு இப்பகுதியில் நாம் எழுதிய குறிப்பு ஒன்று தவறானது. அதனை நம்பிப் பாடுபட்ட ஒரு குடும்பத்தின் உழைப்பு வீணாயிற்று. அக்குடும்பத்துத் தாயார் எழுதிய கடிதம் நம் மேசைமீது இருக்கிறது. கடிந்து ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை. தாங்கள் எந்த இடத்தில் பிழை செய்தோம் என்று விளக்கினால் நலமாயிருக்கும் என்று மட்டுமே கேட்டிருக்கிறார். பிழை செய்தவர்கள் அவர்கள் அல்லர், நாமே. ஆகவே அதனைத் திருத்திக் கொள்வதே இம்மாதத்து வேலையாகட்டும்.

நடந்தது இதுதான். கிறிஸ்து பிறப்பு விழாக் குடிலுக்குக் கடைச் சுரூபங்களையே ஆண்டுதோறும் வாங்காமல், பிள்ளைகள் தம் கையாலேயே 4 அங்குல உயரத்தில் செய்யட்டும் என்று எழுதியிருந்தோம். மண்ணாற் செய்த கையும் கழுத்தும் முறியாதிருக்க உள்ளே மெல்லிய கட்டுக் கம்பி வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தோம். அவருடைய 13 வயது மகன் அவ்வாறே செய்தான். தானே காய்ந்து இறுகும் மண்ணைக் கடையிற் பொட்டலமாக வாங்கி, பள்ளி விட்டு வந்தபின் மாலைதோறும் உட்கார்ந்து, தேவதாயையும் சூசையப்பரையும் இரண்டு இடையர்களையும் உருவாக்கினான். மூன்றாம் நாள் சூசையப்பரின் முழங்கை வெடித்தது. தேவதாயின் கழுத்தைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. மறுநாள் தலை கம்பியின்மேல் ஆடத் தொடங்கிற்று. பையன் சோர்ந்துவிடவில்லை. தண்ணீர்க் குழாயின் ஒழுக்கை அடைக்க வீட்டில் வாங்கி வைத்திருந்த எப்பாக்ஸி புட்டியை வெறுங்கையாற் பிசைந்து வெடிப்புக்களை அடைத்தான். இரண்டு மூன்று முறை அவ்வாறு செய்தபின் விரல் இடுக்குகளில் அரிப்பெடுத்துத் தோல் தடித்துவிட்டது. குடில் கடைச் சுரூபங்களுடனேயே அமைந்தது. 'இனி நான் செய்யமாட்டேன்' என்று பையன் சொல்லிவிட்டானாம்.

அம்மண் ஏன் வெடித்தது? ஈரமண் காயும்போது அதிலுள்ள நீர் வெளியேறுகிறது. நீர் இருந்த இடத்தை நிரப்ப மண் துகள்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அதனால் உருவம் முழுவதுமே சுருங்குகிறது. மண்ணின் வகைக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இச்சுருக்கம் இருக்கும். கடையில் விற்கும் காய்ந்து இறுகும் மண்ணும், நீர் கலந்தது ஆதலால், இதற்கு விலக்கன்று. ஆனால் உள்ளே இருக்கும் கம்பியோ சுருங்குவதில்லை. தோய்த்த சட்டை சுருங்கிப்போக, அதனுள் நுழையும் உடல் சுருங்காதிருந்தால் தையல் எங்கே பிரியும்? மிகவும் இறுக்கமான இடத்தில் அல்லவா? கம்பியின்மேல் மண் மிக மெல்லியதாகப் படிந்திருக்கும் கழுத்திலும் முழங்கையிலும் வெடிப்புக் கண்டது அதனாலேதான். கம்பி வைத்ததால் உறுதி வரவில்லை. கம்பி வைத்ததாலேயே உடைந்தது. கம்பியின்றிச் செய்திருந்தால் அத்தாயின் தலை கழன்றிராது.

சிறு உருவங்களுக்கு மண்ணோ புட்டியோ தெரிவு செய்யும்போது, 'எது மலிவு, எது உறுதி' என்றே பலரும் கேட்கின்றனர். முதலிற் கேட்க வேண்டியது வேறு: இவ்வுருவத்தில் மிக மெல்லிய உறுப்பு எது? 4 அங்குல உயரமுள்ள மனித உருவத்தில் தலை ஏறத்தாழ அரை அங்குலம். கண் ஒரு கடுகளவு. விரலின் பருமன் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். கடுகளவுக் கண்ணைக் கீறும் இடத்தில் ஒரு மணற்பரல் அகப்பட்டால் அது பாறாங்கல்லுக்குச் சமம். ஓரடிப் பொம்மைக்கு உகந்த மண் நாலங்குலச் சுரூபத்திற்கு உதவாமற் போவது இக்காரணம் பற்றியே. மெல்லிய உறுப்பை எந்தப் பொருள் தாங்குமோ அதனைத் தெரிந்துகொள்ள வேண்டும். அல்லது கையில் இருக்கும் பொருள் தாங்குமாறு உறுப்பையே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டு வழிகளையும் நமக்கு முன்னரே இரண்டு நகரத்தார் கண்டிருக்கின்றனர். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் இத்தாலிய மலையூரில் அமைத்த குடிலில் சுரூபங்கள் இல்லை. வைக்கோலிட்ட தீவனத் தொட்டியும் உயிருள்ள எருதும் கழுதையுமே இருந்தன. 2023இல் அதற்கு 800 ஆண்டுகள் நிறைந்தன. மண்ணுருவங்கள் வளர்ந்த கதைக்கு நாம் நேப்பிள்ஸ் நகருக்கும் மார்சேய் நகருக்கும் செல்லவேண்டும்.

நேப்பிள்ஸில் 18ஆம் நூற்றாண்டு குடில் கலையின் பொற்காலம். 1734 முதல் 1759 வரை அங்கு அரசாண்ட சார்லஸ் மன்னர் அதில் பெரிதும் ஈடுபட்டவர். திரையால் மூடிய கிறிஸ்துவின் உடலைப் பளிங்கில் செதுக்கிப் பெயர்பெற்ற ஜுசப்பே சான்மார்த்தினோ போன்ற பெருஞ்சிற்பிகளும் குடில் உருவங்களுக்கு உழைத்தனர். அவ்வுருவங்களை ஆடை நீக்கிப் பார்த்தால் வியப்பாயிருக்கும். தலை சுட்ட மண், கண்கள் கண்ணாடி, கைகளும் கால்களும் பெரும்பாலும் மரத்திற் செதுக்கியவை, உடலோ கம்பியின்மேல் சணல் தும்பைச் சுற்றியது. அதன்மேல் உண்மையான துணியில் தைத்த உடை. கம்பி அங்கேயும் உண்டு. ஆனால் மண்ணுக்குள் இல்லை, நாருக்குள் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை நாம் சென்ற ஆண்டே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நுண்ணிய முகபாவம் தேவைப்படும் இடத்தில் மண், முறியக்கூடிய விரலுக்கு மரம், வளைய வேண்டிய உடலுக்குக் கம்பியும் நாரும் என்று உறுப்புக்கு ஏற்பப் பொருளை மாற்றியவர்கள் நேப்பிள்ஸ்காரர்கள்.

மார்சேய்க்காரர்கள் பொருளை மாற்றவில்லை, வடிவத்தை மாற்றினார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் கோயில்கள் அடைபட்டபோது கோயிற் குடில்களும் நின்றுபோக, மக்கள் தம் வீடுகளில் சிறு குடில்கள் வைக்கலாயினர். அந்நகரத்து ழான் லூயி லாஞேல் (1764–1822) என்பவர் பாரிஸ் சாந்தினால் அச்சுக்கள் செய்து, அவற்றில் மண்ணை அழுத்தி, ஏழைகளும் வாங்கத்தக்க சிறு உருவங்களை உண்டாக்கினார். அவற்றிற்கு 'சாந்தோன்' என்று பெயர். சிறிய புனிதர் என்பது பொருள். 1803 முதல் அவற்றிற்கென்றே மார்சேயில் சந்தை கூடலாயிற்று. மீன்காரி, மாவரைப்பவர், சாணை பிடிப்பவர் என்று ஊர் மக்கள் யாவரும் அவ்வுருவங்களில் பாலனைக் காண வருகிறார்கள். தொடக்க காலத்தில் அவை சுடாத மண்ணே. எனினும் எளிதில் உடையாத வடிவம். பெரும்பாலும் கை உடலோடு ஒட்டியிருக்கும். கூடை இடுப்போடு சேர்ந்திருக்கும். மேலங்கி தரைவரை வழிந்து கால்களை மறைத்துவிடும். துருத்திக்கொண்டு நிற்கும் உறுப்பு இருந்தால் அச்சிலிருந்து உருவம் வெளிவராது என்பதும் ஒரு காரணம். வறுமையும் அச்சும் சேர்ந்து அவர்களுக்கு நல்ல வடிவத்தைக் கற்பித்துவிட்டன.

வீட்டில் பிள்ளைகள் செய்வதற்கு மார்சேய் வழியே சிறந்தது என்பது நம் எண்ணம். அவ்வழிக்கு வேண்டியது குளத்து மண்தான். பக்கத்து ஊர் வேளாரிடம் பதமான மண் கேட்டால் கொடுப்பார். ஆனால் பானைக்கும் சட்டிக்கும் அவர் மணல் கலந்திருப்பார்; நம் கடுகளவுக் கண்ணுக்கு அது ஆகாது. அம்மண்ணைக் காயவைத்து உடைத்து, நீரில் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தெளியவைக்க வேண்டும். மேலே நிற்கும் நீரை இறுத்துவிட்டு, அடியிற் படிந்த சேற்றைச் செங்கல்மீது பரப்பினால் செங்கல் மிகுந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைந்து, பாலிதீன் பையில் கட்டிச் சில நாட்கள் வைத்திருந்தால் இன்னும் மெதுவாகும். பென்சில் பருமனில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பார்க்கவும். விரியாமல் வளைந்தால் மண் தேறியது. விரிந்தால் இன்னும் பிசையவேண்டும். அதற்கும் மசியாவிடில் வேறு மண் பார்க்கவேண்டும்.

மற்றொரு சோதனையும் உண்டு. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். மண்ணைப் பட்டையாகத் தட்டி, அதில் சரியாக 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஒரு கோடு கீறி, காய்ந்தபின் அளக்கவும். கோடு 9.4 ஆகக் குறைந்திருந்தால், அம்மண்ணின் சுருக்கம் நூற்றுக்கு 6. கடையில் வாங்கிய எந்தப் பொட்டலத்தையும் இவ்வாறு சோதிக்கலாம். உறையின்மேல் 'வெடிக்காதது' என்று அச்சிட்டிருப்பதைவிட இக்கோட்டை நம்புவது மேல்.

மண்ணில் செய்யும்போது தனித்தனியே செய்த உறுப்புக்களை வெறுமனே ஒட்டவைத்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஊசியாற் கீறி, அதே மண்ணை நீரிற் குழைத்த சேற்றைத் தடவி, அழுத்தி இணைக்க வேண்டும். கட்டைவிரலினும் பருமனான உடலை அடியிலிருந்து குடைந்து உள்ளீடற்றதாக்கிவிட வேண்டும். வெயிலிலோ மின்விசிறிக்கு அடியிலோ காயவைப்பது பெருந்தவறு. மெல்லிய உறுப்பு முதலில் காய்ந்து சுருங்க, பருத்த உடல் ஈரமாகவே நிற்கும். செய்தித்தாளைப் போர்த்தி நிழலில் வைக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மண் காய்வதில்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். மெதுவாகக் காய்வது நமக்கு அனுகூலமே. நாட்களை முன்கூட்டி எண்ணிக்கொண்டால் போதும்.

வடிவத்தை மாற்றுவது என்றோமே, அதனைச் சற்று விரித்துச் சொல்கிறோம். சூசையப்பரின் கோலை மண்ணாற் செய்ய முயல வேண்டாம். அவருடைய கையை மார்போடு சேர்த்து வைத்து, அதில் ஒரு துளை மட்டும் விட்டுவிடவும். சுட்டபின் துடைப்பத்து ஈர்க்கு ஒன்றை அதில் நுழைத்தால் கோல் ஆயிற்று. துளையும் சுருங்கும் ஆதலால் ஈர்க்கைவிடச் சிறிது பெரிதாகவே துளைக்க வேண்டும். வானதூதரின் சிறகுகளுக்கு முதுகில் இரண்டு கீற்றுக்கள் விட்டுவைத்து, பின்னர் கெட்டியான அட்டையை வெட்டிச் செருகலாம். எருது நிற்க வேண்டியதில்லை, படுத்திருக்கட்டும். நான்கு கால்களின் தொல்லை தீர்ந்தது. மூவரசரின் ஒட்டகமும் படுத்தே இளைப்பாறலாம். நெடுந்தூரம் வந்த களைப்பு அதற்கும் இருக்குமன்றோ?

எல்லாவற்றிலும் கடினமானது குழந்தை இயேசுவின் உருவம் என்று அத்தாயார் எழுதியிருக்கிறார். உண்மையே. ஓர் அங்குல நீளத்தில், இரு கைகளையும் விரித்து, காலைத் தூக்கிக்கொண்டிருக்கும் பாலனைக் கடைச் சுரூபங்களிற் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் லூக்கா நற்செய்தி என்ன கூறுகிறது? தாய் அவரைத் துணிகளிற் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினார் என்றே கூறுகிறது. துணியிற் சுற்றிய குழந்தைக்குக் கையுமில்லை, காலுமில்லை. ஒரு முகம் போதும். புளியங்கொட்டை போன்ற உடலும் மிளகு போன்ற தலையுமாக 6 வயதுப் பிள்ளையும் செய்துவிடலாம். நற்செய்திக்கு நெருங்கியதும் அதுவே. மண்ணுக்கு இசைந்ததும் அதுவே.

சுடும் வேலையை வேளாரிடமே விட்டுவிட வேண்டும். மண் நீரிற் கரையாத நிலையை அடைய 600 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். சமையல் அடுப்பு அதனைச் சீராகத் தராது. ஈரம் எஞ்சியிருந்தால் உருவம் நீராவியினால் வெடித்துச் சிதறும், கண்ணுக்கும் ஆபத்து. உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கவும். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு. முழுதும் காய்ந்தபின், எல்லாவற்றையும் ஒரு பழைய பானைக்குள் அடுக்கி, சூளையின் ஓரத்தில் வைக்கச் சொல்லலாம். கார்த்திகை விளக்கீட்டுக்காக அகல் விளக்குகளை ஆயிரக்கணக்கில் சுடும் காலம் அது. அச்சூளையில் ஒரு பானைக்கு இடம் கேட்டால் எந்த வேளாரும் மறுக்கமாட்டார். அந்நாளை முன்னதாகவே கேட்டறிந்து, அதற்கு இரண்டு வாரத்திற்கு முன் உருவங்களைச் செய்து முடித்திருக்க வேண்டும்.

சூளை கிடைக்காத நகரத்துக் குடும்பங்கள் என்ன செய்வது? காய்ந்து இறுகும் மண்ணையே, கம்பியின்றி, மேற்சொன்ன அடக்கமான வடிவத்தில் பயன்படுத்தலாம். நனையாமற் காத்தால் பல ஆண்டுகள் இருக்கும். காகிதக் கூழில் செய்வது இலேசானது, மலிவானது. புதுச்சேரியை அடுத்த திருக்கனூரில் காகிதக் கூழ்ப் பொம்மைத் தொழில் பெயர்பெற்றது. ஆனால் வீட்டில் அரைக்கும் கூழின் நார் முரடானது. ஓரடிக்கு உகந்தது, நாலங்குலத்திற்கு முகம் தெளியாது. கோதுமை மாவும் உப்பும் பிசைந்து செய்யும் முறை மேனாட்டிலிருந்து வந்தது. நம் கடற்கரைப் பங்குகளில் டிசம்பர் மாதக் காற்றின் ஈரத்தை உப்பு இழுத்துக்கொண்டு, சுரூபங்கள் வியர்த்து இளகும். எறும்பும் தேடி வரும். சிறு குழந்தைகள் ஒருநாள் விளையாடுவதற்கு அது போதும்.

பள்ளிப் பிள்ளைகள் அறிந்த பிளாஸ்டிசின் என்னும் வண்ண மெழுகுமண், 1897இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட், தம் மாணவர்களின் களிமண் அடிக்கடி காய்ந்துபோவதைப் பொறாமல் உண்டாக்கியது. எண்ணெய்ப் பசை கலந்தது, எக்காலத்தும் இறுகாது. அதனால் அதிற் செய்த சுரூபத்தைக் குடிலில் வைக்க முடியாது. பயனற்றது என்று எண்ண வேண்டாம். ஓர் ஆட்டை அதிற் செய்து, அதன்மேல் பாரிஸ் சாந்து ஊற்றி அச்செடுத்தால், அவ்வச்சில் மண்ணை அழுத்தி ஒரு மந்தையையே உண்டாக்கலாம். ஒரு எச்சரிக்கை: பாரிஸ் சாந்து இறுகும்போது சூடேறும், பெரிய அளவாயின் 60 டிகிரியையும் எட்டும். கையை அதற்குள் புதைத்து அச்செடுக்கும் விளையாட்டை ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது. மிச்சத்தைத் தொட்டியிற் கழுவி ஊற்றினால் குழாய் அடைபடும்.

கம்பி வைத்தே தீரவேண்டும், நீட்டிய கையும் விரித்த விரலும் வேண்டும் என்பவர்களுக்கு நீரில்லாத பொருள் இரண்டு உண்டு. ஒன்று பாலிமர் களிமண். பெயர்தான் களிமண், உண்மையில் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் தூளை எண்ணெய் போன்ற இளக்கியிற் குழைத்தது. நீர் இல்லாமையால் சுருக்கம் மிகச் சிறிது. உள்ளே கம்பி இருந்தாலும் வெடிக்காது. வகைக்கேற்ப 110 முதல் 130 டிகிரி வரை அரைமணி அளவு மின் அடுப்பில் வாட்டினால் இறுகும். உறையில் அச்சிட்ட அளவே முடிவானது. வெப்பம் மிஞ்சினால் கருகி, மூச்சை அடைக்கும் அமில ஆவி எழும். ஆகவே பெரியவர் ஒருவர் அருகில் நிற்கவேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். உணவு சமைக்கும் தட்டை அதற்குப் பயன்படுத்தலாகாது. நம் ஊர் வெயிலில் பொட்டலம் இளகிக் குழைந்துவிடும். செய்வதற்குமுன் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் விரல் தடம் பதியாத பதத்திற்கு வரும். விலைதான் சற்றுக் கூடுதல். நாலங்குல உருவத்திற்கு அதிகம் செலவாகாது.

மற்றொன்று, பையன் கையாண்ட எப்பாக்ஸி புட்டி. சிறு உருவச் சிற்பிகள் உலகெங்கும் பயன்படுத்துவது இதன் வகைகளையே. இரண்டு கட்டிகளைச் சம அளவில் எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை பிசைந்தால், சில மணி நேரத்தில் கல்லாகும். சுருக்கமும் இல்லை, சுடவும் வேண்டியதில்லை. ஆனால் குழாய்க்கு ஒட்டும் புட்டி வேறு, சிற்பத்திற்கானது வேறு. முன்னது விரைவில் இறுகுவதற்கென்றே செய்தது. முகத்தைத் தீட்டி முடிப்பதற்குள் கையை மீறிப்போகும். வேல்ஸ் நாட்டில் செய்யும் மில்லிபுட் நன்கு இறுகி, அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் இணங்கும். நீலமும் மஞ்சளுமான நாடாவாக வந்து, பிசைந்ததும் பச்சையாகும் கிரீன் ஸ்டஃப் என்பது இறுகியபின்னும் சிறிது வளையும்; மெல்லிய விரலுக்கும் அங்கியின் ஓரத்திற்கும் உகந்தது, ஆனால் அரத்திற்கு இணங்காது. அந்நாடாவில் இரு நிறங்களும் சந்திக்கும் நடுக்கோடு முன்னமே இறுகியிருக்கும்; அதனை வெட்டி எறியாவிடில் பரல் பரலாகத் தட்டுப்படும். இரண்டு வகையையும் கலந்து பயன்படுத்தும் சிற்பிகளும் உண்டு. எதுவாயினும் ஒரே அமர்வில் முடிப்பதில்லை: கம்பியின்மேல் மெல்லிய பூச்சு, அது இறுகியபின் உடல், அதன்மேல் மறுநாள் உடை என்று படிப்படியாகவே வளர்ப்பார்கள்.

இனி அத்தாயாரின் மிக முக்கியமான கேள்வி. விரலில் வந்த தடிப்புக்கு அப்புட்டி காரணமாயிருக்குமா? இருக்கக்கூடும். இறுகாத எப்பாக்ஸி தோலில் ஒவ்வாமையை உண்டாக்க வல்லது. ஒருமுறை உடல் அதனை வேண்டாததென்று பழகிவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் மீண்டும் தடிப்பு எழும். ஆயுள் முழுவதும் அந்நிலை தொடரவும் கூடும். முதல் நாள் ஒன்றும் செய்யாமல், இரண்டாம் மூன்றாம் முறையில் அரிப்புத் தொடங்கியது என்று அவர் எழுதியிருப்பது கவனிக்கத் தக்கது. தோல் மருத்துவரிடம் பையனின் கையைக் காட்டி, எந்தப் பொருளைத் தொட்டான் என்பதையும் தவறாமற் கூறவேண்டும். அவர் சரியென்று சொல்லும்வரை, கையுறை அணிந்தும்கூட அவன் எப்பாக்ஸியைத் தொடவேண்டாம். ஏனையோரும் நைட்ரைல் கையுறையின்றி அதனைப் பிசையக்கூடாது. இறுகியதை உப்புத்தாளால் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு இவ்வெச்சரிக்கையை நாம் எழுதவில்லை. புட்டியைப் பற்றியே நாம் பேசவில்லை என்பது சமாதானமாகாது. மண் வெடித்தால் பிள்ளை அடுத்து எதனை நாடும் என்று எண்ணியிருக்க வேண்டும்.

இனிச் செய்யமாட்டேன் என்ற பையனுக்கு நாம் தனியே ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பிழை அவன் கையில் இல்லை, நாம் அச்சிட்ட வரியில் இருந்தது என்பதே அதன் செய்தி. உடைந்த உருவங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருப்பதாக அவன் தாய் எழுதியிருந்தார். அவற்றை எறிந்துவிட வேண்டாம். மண் ஏற்கெனவே சுருங்கி முடிந்துவிட்டது. இனிமேல் ஒட்டினால் நிற்கும். கழுத்திலே தெரியும் கம்பியைக் குறடால் வெட்டி நீக்கி, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையால் தலையைப் பொருத்தி, ஒருநாள் அசையாமல் வைக்கவும். வெடிப்புக்களை, அதே மண்ணைப் பசையுடன் குழைத்து, ஒரு பூச்சுக் காய்ந்தபின் மறு பூச்சாக அடைக்கவும். மொத்தமாக அடைத்தால் அதுவும் சுருங்கிப் பிளக்கும். சூசையப்பரின் முழங்கைக்கும் இதுவே மருந்து. தேவதாயின் கழுத்தில் ஒட்டிய தழும்பு தெரியும் என்று அஞ்சினால், பழைய மல் துணியில் இரண்டு அங்குலம் வெட்டி, நீர் கலந்த பசையில் தோய்த்து, தலையிலிருந்து தோள்வரை முக்காடாகப் போர்த்தி மடிப்புக்களை ஊசியால் ஒழுங்கு செய்யவும். நேப்பிள்ஸ் நகரத்தார் துணியுடுத்தியது போலத்தான். காய்ந்ததும் துணி விறைத்து நின்றுவிடும். நீல வண்ணத்தை அதன்மேல் தீட்டலாம்.